பச்சோந்திக்குக் கண்ணாடித் தொட்டி ஏன் ஆகாது? பெரிய, பாதுகாப்பான கூண்டு அமைப்பது எப்படி?

கட்சி மாறும் தலைவர்களைத் திட்டுவதற்கு நம்ம ஊர் மேடைகளில் தவறாமல் இழுக்கப்படும் பெயர் பச்சோந்தி. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அது ஒரு செல்லப்பிராணி. அங்கே கடைக்குப் போய் ஒன்றை வாங்கி வருவது சுலபம். அதை உயிரோடு வைத்திருப்பதுதான் கஷ்டம்.

நாய், பூனை மாதிரி பச்சோந்தி கூப்பிட்டால் வராது, மடியில் உட்காராது. மனிதர்கள் தொடுவதே அதற்குப் பிடிக்காது. அதன் உலகம் முழுக்க அந்தக் கூண்டுதான். குடிக்கிற தண்ணீர், விடுகிற மூச்சு, எலும்பின் பலம், ராத்திரித் தூக்கம் என எல்லாமே கூண்டு கட்டிய விதத்தைப் பொறுத்தே அமையும். கூண்டில் நடக்கும் தப்பு பச்சோந்தியின் உடம்பில் உடனே தெரியாது. வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். தெரிய வரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

சரி, நல்ல கூண்டு எப்படி இருக்கணும்? ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடலாம்: நம்ம ஊர்ப் பச்சோந்தியைப் பிடித்து வளர்ப்பது குற்றம். அதன் சட்ட விவரம் கடைசிப் பகுதியில். இங்கே விளக்கப்படுவது வெளிநாடுகளில் அதிகம் வளர்க்கப்படும் ஏமன் பச்சோந்தியின் கூண்டு.

எவ்வளவு பெரிசு?

ஏமன் பச்சோந்தியின் சொந்த இடம் ஏமனும், சவூதி அரேபியாவின் தென்மேற்குப் பகுதியும். தலையில் கிரீடம் வைத்தது போல உயரமான கொண்டை இருக்கும். ஆண் பச்சோந்தி வாலோடு சேர்த்து 45 முதல் 60 சென்டிமீட்டர் வரை வளரும். பெண் அதைவிடச் சிறியது.

வளர்ந்த ஒரு பச்சோந்திக்கு 2 அடி நீளம், 2 அடி அகலம், 4 அடி உயரம் என்பது பல காலமாகச் சொல்லப்படும் அளவு. ஆனால் இது குறைந்தபட்சம்தான். 'இது போதும்' என்று பலர் அதோடு நிறுத்திவிடுவதுதான் சிக்கல். மரத்தில் வாழும் பிராணி என்பதால் உயரம் மட்டும் இருந்தால் சரி என்று நினைப்பதும் தப்பு. பச்சோந்தி கிளைக்குக் கிளை குறுக்காகவும் நடக்கும். அதனால் இடம் இருப்பவர்கள் நீளத்தை 4 அடியாக ஆக்குவது நல்லது.

பெரிய கூண்டை ஆடம்பரம் என்று நினைக்கக் கூடாது. பச்சோந்தி குளிர் ரத்தப் பிராணி. நமக்கு வேர்ப்பது போல, நடுங்குவது போல அதன் உடம்பு தானாக வெப்பத்தைச் சரிசெய்துகொள்ளாது. சூடு வேண்டுமென்றால் வெயிலுக்குப் போகும், போதுமென்றால் நிழலுக்கு வரும். சின்னக் கூண்டில் மேலே, கீழே, நடுவிலே எங்கே போனாலும் ஒரே சூடுதான். போக இடமில்லாத பச்சோந்தி வெந்துகொண்டே இருக்கும், இல்லாட்டி குளிரில் சுருண்டு கிடக்கும். பெரிய கூண்டில் ஒரு மூலை சூடாகவும், இன்னொன்று குளிர்ச்சியாகவும், ஒரு பக்கம் வெளிச்சமாகவும், மறுபக்கம் இலை மறைவாகவும் இருக்கும். எது வேண்டும் என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும்.

குட்டிகளுக்கு மட்டும் முதல் சில மாதங்கள் சிறிய கூண்டு வசதி. இரை சாப்பிட்டதா, தண்ணீர் குடித்ததா என்று கண்ணால் பார்க்க முடியும்.

கண்ணாடித் தொட்டி ஏன் ஆகாது?

மீன் தொட்டியில் மண்ணைப் போட்டு, கிளையை நட்டு, பச்சோந்தியை உள்ளே விடுவதுதான் புதிதாக வளர்ப்பவர்கள் செய்யும் முதல் காரியம். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் நாலு பக்கமும் அடைத்த தொட்டியில் காற்று நகராது. தெளிக்கும் தண்ணீர் காயாது. ஈரமும் தேங்கிய காற்றும் சேர்ந்தால் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். பச்சோந்திகளுக்கு மூச்சுக்குழாய்த் தொற்று வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, வாயோரம் எச்சில் குமிழி கட்டுவது ஆகியவை அதன் அறிகுறிகள்.

இன்னொரு தொல்லை பிம்பம். பச்சோந்தி தனிமை விரும்பி. இன்னொரு பச்சோந்தியைப் பார்த்தாலே அதற்கு டென்ஷன். கண்ணாடியில் தெரிவது தன் உருவம்தான் என்று அதற்குப் புரியாது. எதிரி எதிரிலேயே நிற்பதாக நினைத்து நாள் முழுக்க முறைத்துக்கொண்டிருக்கும். ஒரு கூண்டில் ஒன்றுதான் இருக்கணும் என்று சொல்வதும் இதனால்தான். ஜோடியாக விட்டால் துணையாக இருக்கும் என்பது மனிதர்களின் கற்பனை.

குளிர் அதிகமுள்ள, காற்று வறண்ட ஊர்களில் முழு வலைக் கூண்டு சரிப்படாது. ஈரமும் சூடும் நிற்காமல் வெளியேறிவிடும். அங்கே பக்கங்களை அடைத்துவிட்டு, முன்பக்கம் கீழே ஒரு வலைப்பட்டையும் மேலே வலைக் கூரையும் வைக்கிறார்கள். விளக்கின் சூட்டில் காற்று மேலே போகும், கீழே புதுக் காற்று உள்ளே வரும். பழைய வீட்டுச் சமையலறைப் புகைபோக்கி வேலை செய்வது போலத்தான்.

வலையில் கோட்டை விடாதீர்கள்

சட்டத்துக்கு அலுமினியம் நல்லது. எடை குறைவு, துருப்பிடிக்காது. பிவிசி பைப்பிலும் கட்டலாம். மரம் என்றால் தினமும் தண்ணீர் படும் இடம் என்பதை மறக்கக் கூடாது. பூச்சு சரியில்லாவிட்டால் ஊறி, பூஞ்சை பிடித்துவிடும்.

வலை வாங்கும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஜன்னலுக்கு அடிக்கும் ஃபைபர் கொசுவலை மலிவு. ஆனால் இரையாகப் போடும் கிரிக்கெட் பூச்சிகளே அதைக் கடித்து ஓட்டை போட்டுவிடும். நைலான் வலையை எலி ஒரே ராத்திரியில் கிழித்துவிடும். கண் மிகச் சிறியதாக, கம்பி கூர்மையாக இருக்கும் வலையில் பச்சோந்தியின் நகம் மாட்டிக்கொள்ளும். மாட்டிய காலை அது இழுக்கும்போது நகம் பிய்ந்து வந்துவிடும், அந்தப் புண்ணில் சீழ் பிடிக்கும். வீட்டுக்குள் வைக்கும் கூண்டுக்கு அலுமினிய வலை போதும். வெளியே வைப்பதற்கு, அரை அங்குலக் கண் உள்ள, பிவிசி பூச்சு போட்ட கம்பி வலைதான் நிம்மதி. பூச்சு இருப்பதால் காலில் குத்தாது. கம்பியில் தங்கும் துளிகளைப் பச்சோந்தி நக்கினாலும் உலோகம் உள்ளே போகாது. இந்தக் கண் வழியாகச் சின்னப் பூச்சிகள் வெளியேறிவிடும் என்பது உண்மைதான். அதனால் இரையை உயரமான, வழவழப்பான டப்பாவில் போட்டுக் கிளையோடு கட்டிவிடுகிறார்கள்.

வெட்டிய கம்பி முனைகள் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ஆணி, ஸ்க்ரூ முனைகளுக்கும் இதே கதைதான். கட்டி முடித்ததும் உள்பக்கம் முழுக்கக் கையால் தடவிப் பார்ப்பது நல்ல சோதனை.

கிளைகளையும் தொட்டிச் செடிகளையும் வலையில் கட்டித் தொங்கவிடுவதும் வழக்கமான தப்பு. நாலு மாதத்தில் செடி வளரும், எடை கூடும், வலை பிய்ந்து கீழே வரும். பாரம் முழுக்க சட்டத்தில்தான் இறங்கணும். சட்டத்துக்குச் சட்டம் ஒரு குறுக்குக் கம்பை ஸ்க்ரூ போட்டு முடுக்கி, கிளைகளையும் தொட்டிகளையும் அதில் கட்ட வேண்டும்.

உள்ளே என்ன வைக்கலாம்?

பச்சோந்தியின் கால் விரல்கள் இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து இடுக்கி போலப் பிடிக்கும். அந்தப் பிடிக்குள் அடங்கும் தடிமனில் கிளைகள் வேண்டும். எல்லாம் ஒரே அளவில் இருந்தால் பாதத்தின் ஒரே இடம் அழுந்திப் புண்ணாகும், அதனால் மெல்லியதும் தடித்ததும் கலந்திருக்கட்டும்.

செடிகளில் மணி பிளான்ட், செம்பருத்தி, சிறிய இலை ஃபைகஸ் ஆகியவை வெளிநாடுகளில் பரவலாகப் பயன்படுகின்றன. ஏமன் பச்சோந்திக்குப் பூச்சி மட்டுமல்ல, இலையும் பிடிக்கும். எனவே அரளி மாதிரி விஷச் செடிகளுக்கு இடமே இல்லை. நர்சரியில் வாங்கிய செடியில் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள். இலைகளை நன்றாகக் கழுவி, மண்ணை மாற்றி, சில வாரம் தனியாக வைத்த பிறகே உள்ளே வைக்கணும். பிளாஸ்டிக் செடியையும் இது கடித்துப் பார்க்கும். விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும்.

கூண்டில் பாதி இலைகளால் மறைந்திருந்தால் நல்லது. விருந்தாளிக்குக் காட்ட வசதியாக எல்லாம் வெட்டவெளியாக இருந்தால் பச்சோந்திக்கு அது சிறை. ஒளிய இடம் இருக்கும்போதுதான் அது தைரியமாக வெளியே வந்து உட்காரும். கூண்டைத் தரையில் வைக்காமல் மேஜை மீது வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான். மேலிருந்து பார்க்கும் எதையும் பச்சோந்தி பருந்தாகத்தான் நினைக்கும். அது உட்காரும் கிளை மனிதக் கண்ணை விட உயரத்தில் இருந்தால் பாதி பயம் போய்விடும்.

வெளிச்சம்: எலும்பு இதில்தான் இருக்கிறது

சாதாரண பல்ப் ஒன்று மட்டும் போட்டு வளர்த்தால் என்னாகும்? ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. பிறகு கால்கள் வளையும். தாடை மென்மையாகும். கடைசியில், பூச்சியை எட்டிப் பிடிக்கும் அந்த நீளமான நாக்கே வேலை செய்யாது. சூரிய ஒளியின் புற ஊதா பி கதிர் தோலில் பட்டால்தான் உடம்பில் வைட்டமின் டி3 உருவாகும். டி3 இல்லாவிட்டால் சாப்பிடும் கால்சியம் எலும்பில் சேராது. எலும்பு உருகும் இந்த நோய், வீட்டில் வளரும் பச்சோந்திகளை முடக்கும் முக்கியமான பிரச்சினைகளில் ஒன்று.

ஜன்னல் ஓரமாக வைத்தால் போதாதா என்ற கேள்வி வரும். போதாது. ஜன்னல் கண்ணாடி இந்தக் கதிரைத் தடுத்துவிடும். அதனால் இதற்கென்றே வரும் புற ஊதா டியூப் லைட் வேண்டும். சுருள் பல்பை விட நீள டியூப் நல்லது, கூண்டின் அகலம் முழுக்க ஒளி பரவும். ஒரு விஷயம் பலருக்கும் தெரியாது: டியூப் எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் புற ஊதாக் கதிர் குறைந்துகொண்டே போகும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அளக்கும் கருவி இல்லாதவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றியாகணும்.

சூட்டுக்குத் தனி விளக்கு. ஏமன் பச்சோந்தி குளிர்காயும் கிளையில் ஆணுக்கு 29 முதல் 32 டிகிரி செல்சியஸ், பெண்ணுக்கு 27, 28 போதும். இந்த விளக்கைக் கூண்டுக்கு உள்ளே வைக்கவே கூடாது. கூரை வலைக்கு மேலே, வலையை ஒட்டாமல் சில அங்குலம் தூக்கி வைக்கணும். பச்சோந்திக்குக் கூரை வலையில் தலைகீழாகத் தொங்கும் பழக்கம் உண்டு. சூடான இடத்தில் முதுகு பொசுங்கினாலும் சட்டென்று நகராது. அளக்கும்போது கிளையில் வைத்து அளந்தால் போதாது, அதன் முதுகும் கொண்டையும் இருக்கும் உயரத்தில் அளக்கணும். அந்த நாலைந்து அங்குலத்தில் சூடு எவ்வளவோ மாறும்.

பகல் 12 மணி நேரம் வெளிச்சம், இரவு முழு இருட்டு. சிவப்பு பல்ப், நீல பல்ப் எதுவும் ராத்திரியில் வேண்டாம்.

கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் குடிக்காதா?

பெரும்பாலும் குடிக்காது. இலையில் நின்று மினுமினுக்கும் துளிதான் பச்சோந்திக்குத் தண்ணீர். பனித்துளியை நக்கிப் பழகிய பிராணி அது. கிண்ணத்து நீர் கண்ணெதிரே இருந்தும் தாகத்தால் செத்த பச்சோந்திகள் உண்டு.

விடியற்காலையில் விளக்கு எரிவதற்கு முன்னும், இரவு விளக்கு அணைந்த பின்னும் சில நிமிடம் தண்ணீரைப் பனி மாதிரி தெளிக்கணும். பகலில் கூண்டு காய வேண்டும். ராத்திரி ஈரம், பகலில் உலர்வு என்பதே அதன் சொந்த மலைப்பகுதியின் கணக்கு. பகல் முழுக்க நசநசவென்று வைத்திருந்தால் கண்ணாடித் தொட்டிக்குச் சொன்ன அதே தொல்லை இங்கேயும் வரும். பகலில் குடிக்க, ஒரு பிளாஸ்டிக் கப்பில் ஊசி முனையால் துளை போட்டுக் கூரை வலை மேல் வைத்தால் போதும். சொட்டுச் சொட்டாக இலையில் விழும்.

விழும் தண்ணீர் எங்கே போகும்? கூண்டு கட்டும்போது முதலில் மறந்துபோவது இந்தக் கேள்விதான். தரைப் பலகையைச் சற்றே சாய்த்து, தாழ்ந்த இடத்தில் துளை போட்டு, கீழே ஒரு தட்டோ வாளியோ வைக்கணும். தண்ணீரும் கரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் இன்னொரு எச்சரிக்கை: வயரை சாக்கெட்டுக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டுப் பிறகு மேலே கொண்டுபோய்ச் சொருகணும். வயர் வழியாக வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

பெண் பச்சோந்திக்குக் கூடுதலாக ஒரு தேவை

ஆணையே பார்த்திராத பெண் ஏமன் பச்சோந்தியும் முட்டையிடும். கோழி மாதிரி. கருவில்லாத முட்டைதான், ஆனாலும் குழி தோண்டிப் புதைக்காமல் அது முட்டையிட விரும்பாது. தோண்ட இடம் கிடைக்காவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிரைக் குடித்துவிடும். எனவே ஓர் அடி ஆழத்துக்கு ஈரமான மணல் நிரப்பிய தொட்டி கூண்டில் எப்போதும் இருக்கணும். பிடித்தால் கெட்டியாக நிற்கும் பதம் மணலுக்கு வேண்டும், தோண்டும்போது குழி சரியக் கூடாது. தோண்டும் நேரத்தில் யாராவது எட்டிப் பார்த்தால் பாதியில் விட்டுவிடும். ஒரு துணியைப் போட்டு மறைத்துவிட்டு நகர்ந்துவிடுவது நல்லது.

தீனியும் சூடும் அதிகமானால் முட்டை எண்ணிக்கையும் கூடும். ஒரே தடவையில் 80 முட்டை வரை போய்விடும். உடம்பு தாங்காது. பெண்ணுக்குச் சூட்டைக் குறைத்துச் சொல்வதன் காரணம் இதுதான்.

வெளியே வைத்தால்?

உண்மையான சூரிய ஒளிக்கு ஈடான விளக்கு இல்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடா போன்ற இதமான இடங்களில் தோட்டத்திலேயே ஆள் நுழையும் அளவுக்குப் பெரிய கூண்டு கட்டுகிறார்கள். அங்கே பயப்பட வேண்டியது எலி, பூனை, பாம்பு, ரக்கூன். எல்லாவற்றையும் விட மோசம் நெருப்பெறும்பு. கிளையில் தூங்கும் பச்சோந்தியை ஒரே இரவில் கூட்டமாக மொய்த்துக் கொன்றுவிடும். சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைப்பது போல, கூண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவது இதற்குப் பழைய வைத்தியம். செடி, கயிறு எதுவும் கூண்டிலிருந்து சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது. அது எறும்புக்குப் பாலம்.

கூண்டின் ஒரு பகுதி எந்த நேரத்திலும் நிழலில் இருக்கணும். பச்சோந்தி வெளிறிப்போய் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். காற்றில் கவிழாதபடி கூண்டைக் கட்டிவைக்கணும். கொசுமருந்துப் புகை அடிக்கும் நாளில் உள்ளே எடுத்துவிடணும்.

ஒரு பச்சோந்தி தப்பினால் அவ்வளவு பெரிய விஷயமா?

ஹவாய் தீவுகளில் கேட்டால் ஆமாம் என்பார்கள். 1972-ல் ஓஹு தீவில் ஒரு செல்லப்பிராணிக் கடைக்காரர் கென்யாவிலிருந்து சில டஜன் ஜாக்சன் பச்சோந்திகளை வரவழைத்தார். பயணத்தில் மெலிந்து, நீர்ச்சத்து வற்றி வந்தவற்றைத் தேறட்டும் என்று தோட்டத்தில் விட்டார். அவை திரும்பிப் பிடிபடவில்லை. பெருகி, பின்னர் மற்ற தீவுகளுக்கும் போய்ச் சேர்ந்தன. ஹவாயைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத நத்தைகளையும் பூச்சிகளையும் தின்பதால் இன்றுவரை தலைவலிதான்.

ஏமன் பச்சோந்தி 2002-ல் மாவி தீவில் தென்பட்டபோது அதிகாரிகள் பதறியதற்குக் காரணம் இருக்கிறது. இது ஒரே ஈட்டில் டஜன் கணக்கில் முட்டையிடும். ஒருமுறை இணைசேர்ந்த பெண், விந்தணுவைச் சேமித்துவைத்து அடுத்த ஈட்டுக்கும் பயன்படுத்தும். அதாவது, தப்பிப்போவது ஒரே ஒரு பெண்ணாக இருந்தாலும் போதும். ஹவாயில் தடை செய்யப்பட்ட பிராணியை வைத்திருந்தால் 2 லட்சம் டாலர் வரை அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. ஃபுளோரிடாவில் ஏமன் பச்சோந்தி ஏற்கெனவே காட்டில் குடியேறிவிட்டது. அங்கே தப்பியவை மட்டுமல்ல, பிறகு பிடித்து விற்கலாம் என்று வேண்டுமென்றே மரங்களில் விடப்பட்டவையும் உண்டு.

எனவே கதவுக்கு ஒரு கொக்கி போதாது, மேலும் கீழும் இரண்டு தாழ்ப்பாள் வேண்டும். ஆள் நுழையும் பெரிய கூண்டுக்கு இரட்டைக் கதவு. வெளிக்கதவைச் சாத்திய பிறகே உள்கதவைத் திறக்கணும்.

பராமரிப்பு

கட்டுவது ஒரு வாரம், பராமரிப்பது 5, 6 வருஷம். தினமும் கழிவை எடுக்கும்போது அதைக் கொஞ்சம் கவனித்தாலே பாதி வைத்தியம் முடிந்தது. வெள்ளையாக வரும் பகுதி ஆரஞ்சு நிறமானால் தண்ணீர் போதவில்லை. சாப்பிடாமல் விட்ட பூச்சிகளை ராத்திரிக்கு முன் எடுத்துவிடணும், தூங்கும் பச்சோந்தியை அவையே கடிக்கும். வாரம் ஒருமுறை கிளை, வலை, தரை, வடிகால் துளை எல்லாம் துடைக்கணும். தெளிப்பான் முனையில் உப்பு படிந்து அடைத்தால் வினிகரில் ஊறவைத்தால் போதும். பிளீச்சிங் கரைசல் போட்டுக் கழுவினால் வாசனை போகும்வரை அலசி, வெயிலில் காயவைத்த பிறகே பச்சோந்தியை விட வேண்டும்.

அதன் நிறத்தையும் கவனிக்கலாம். பச்சோந்தி பின்னணிக்கு ஏற்ப நிறம் மாறும் என்பது பாதிக் கதைதான். தோல் செல்களில் உள்ள நுண்ணிய படிகங்களின் இடைவெளியை மாற்றி நிறம் மாற்றுகிறது என்று ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் பேந்தர் பச்சோந்தியில் கண்டறிந்தார்கள். நிறம் மாறுவதற்குக் குளிர், பயம், கோபம், இணைசேரும் ஆசை எல்லாம் காரணம். காலையில் கருத்திருந்தால் சூடேற்றிக்கொள்கிறது, கவலையில்லை. நாள் முழுக்கக் கருப்பாக இருந்தாலும், பகலில் கண்ணை மூடியிருந்தாலும் கூண்டில் ஏதோ தப்பு. ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றைக்கே போக வேண்டியிருக்கும்.

இந்தியாவில் வளர்க்கலாமா?

தமிழ்நாட்டின் வறண்ட புதர்க்காடுகளிலும் தோப்புகளிலும் இருக்கும் இந்தியப் பச்சோந்தி, 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. பிடிப்பது, வைத்திருப்பது, விற்பது எல்லாமே தண்டனைக்குரியவை. எவ்வளவு பெரிய கூண்டு கட்டினாலும் இதில் விலக்கு இல்லை.

ஏமன், பேந்தர், ஜாக்சன் பச்சோந்திகள் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தப் பட்டியலில் இருக்கின்றன. 2022-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, அந்தப் பட்டியலில் உள்ள உயிருள்ள பிராணிகளை வைத்திருப்போர் அரசிடம் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும். இதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன. பரிவேஷ் இணையதளத்தில் பதிவு நடக்கிறது. குட்டி பிறந்தாலும், இறந்தாலும், வேறொருவருக்குக் கொடுத்தாலும் தெரிவிக்கணும். ஆவணம் இல்லாமல் ஆன்லைனில் விற்கப்படும் பச்சோந்தியை வாங்குபவரும் சிக்கலில் மாட்டுவார்.

நம்ம ஊர்ப் பச்சோந்தி வீட்டுத் தோட்டத்துக்கு வந்தால் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அதற்கு விஷம் கிடையாது, தானாகப் போய்விடும். ரோட்டைக் கடக்கும்போது வண்டிகளுக்கு நடுவில் சிக்கியிருந்தால் ஒரு நீளக் குச்சியை அதன் முன்னால் நீட்டினால் தானே ஏறிக்கொள்ளும், பக்கத்துப் புதரில் இறக்கிவிடலாம். காயம் பட்டிருந்தால் வனத்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும்.